தொரப்பாடி மதிலின் இரண்டு பக்கம்

2019 நவம்பரில் ஒரு காணொளி கைப்பேசிகளில் சுற்றியது. கிருஷ்ணகிரியில் அக்கா மகளின் திருமண நிகழ்ச்சியில் ஒருவர் பறை அடிக்கிறார். பரோலில் வந்திருந்த பேரறிவாளன் அவர். 1991 ஜூன் 11-ஆம் தேதி, 19 வயதில் பிடித்துச் செல்லப்பட்டவர். காணொளியில் இருப்பவருக்கு 48 வயது. பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் கலங்கினார்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்றவருக்கு இந்தக் கொண்டாட்டம் தகுமா என்று இன்னொரு பகுதியினர் கேட்டார்கள். இரண்டு தரப்புமே அந்தச் சில நொடிகளில் தாங்கள் ஏற்கெனவே நம்பியதைத்தான் கண்டார்கள்.

சிறைவாசிகளின் வாழ்க்கை படமாகவும் காணொளியாகவும் வெளியே வருவது பற்றி இன்று நிறையப் பேச்சு நடக்கிறது. இதைக் கைப்பேசி கொண்டுவந்த புதுச் சிக்கலாகவே பலரும் பார்க்கிறார்கள். வேலூரை வைத்துப் பார்த்தால் விஷயம் நூறு வருடம் பழையது. தொரப்பாடியில் 1830-இல் எழுந்த மத்திய சிறையிலிருந்து வாழ்க்கைக் கதைகள் வந்துகொண்டேதான் இருந்திருக்கின்றன. எந்தக் கதையை ஊர் உட்கார்ந்து கேட்டது, எந்தக் கதைக்குச் சீறியது, எந்தக் கதை மதிலைத் தாண்டாமலே போனது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்க விரும்புகிறேன்.

1921 டிசம்பர் 21-ஆம் தேதி ராஜாஜி வேலூர் சிறைக்குள் போனார். மூன்று மாதத் தண்டனை. மறு ஆண்டு மார்ச் 20-இல் வெளியே வரும்வரை நாட்குறிப்பு எழுதினார். பிறகு அது புத்தகமாக வந்தது. சுயராஜ்யம் வந்தவுடனே நல்லாட்சி வந்துவிடாது, தேர்தலும் ஊழலும் பணத்தின் ஆதிக்கமும் மக்களை வாட்டும் என்று அவர் 1922 ஜனவரியில் அங்கே உட்கார்ந்து எழுதியதை இன்றுவரை எடுத்துக் காட்டுகிறார்கள்.

எண்பது ஆண்டு கழித்து அதே சிறைக்கு வைகோ வந்தார். 2002 ஜூலையில் பொடா சட்டத்தில் கைதாகி, 19 மாதம் உள்ளே இருந்தார். அங்கிருந்து தன் கட்சித் தோழர்களுக்கு எழுதிய கடிதங்கள் ‘சிறையில் விரிந்த மடல்கள்’ என்று நூலாயின. கட்சி ஏட்டில் அந்த மடல்களுக்காகக் காத்திருந்த தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். உள்ளே இருப்பவர் இன்று என்ன நினைக்கிறார் என்று வெளியே இருப்பவர்கள் அடுத்தடுத்துத் தெரிந்துகொள்கிற ஏற்பாடு அது. இன்று சமூக ஊடகம் செய்கிற வேலையைத்தான் அன்றைக்குக் காகிதம் செய்தது.

தலைவர்கள் எழுதியபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. எழுத அவர்களுக்கு அனுமதி இருந்தது, அச்சிட ஆள் இருந்தது, வாசிக்க ஊர் இருந்தது. கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஒருவர் எழுதினால் என்ன நடக்கும் என்பதை 1994-இல் தமிழ்நாடு பார்த்தது.

ஆட்டோ சங்கர் செங்கல்பட்டுச் சிறையில் இருந்தபோது தன் வாழ்க்கைக் கதையை எழுதினார். அதை வெளியிடப்போவதாக நக்கீரன் அறிவித்தது. காவல்துறை, நிர்வாக அதிகாரிகள் சிலரோடு தனக்கிருந்த தொடர்புகளை அவர் அதில் எழுதியிருப்பதாகப் பேச்சு. சிறைத்துறைத் தலைவர் பத்திரிகைக்குக் கடிதம் அனுப்பினார்: கதை போலி, வெளியிட்டால் நடவடிக்கை. விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1994 அக்டோபர் 7-ஆம் தேதி நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு, ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற பெயரில் இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம். ஒரு மனிதரின் வாழ்க்கை அவருக்கே உரியது. அவர் சம்மதம் இல்லாமல் அதை வெளியிடக்கூடாது. ஆனால் பொது ஆவணங்களில் உள்ளதை எழுத யார் சம்மதமும் தேவையில்லை. தங்களைப் பற்றி அவதூறு வரலாம் என்ற அச்சத்தில் அரசோ அதிகாரிகளோ முன்கூட்டியே தடை போட முடியாது. வந்த பிறகு வழக்குப் போடலாம். அடுத்த ஆண்டு ஏப்ரலில் சேலம் சிறையில் ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டார். இந்தியாவில் அந்தரங்க உரிமை பற்றிப் பேசும் எவரும் தூக்கிலிடப்பட்ட அந்த மனிதரின் கதையைத் தொட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது.

அதற்கு முன்பே இன்னொரு வாசல் திறந்திருந்தது. திகார் சிறையில் இருந்த சுனில் பத்ரா, ஒரு வார்டர் இன்னொரு கைதியைச் சித்திரவதை செய்ததாக உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். நீதிபதி கிருஷ்ணய்யர் முன்னிலையில் அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. சிறை மதிலுக்குள்ளும் அரசியலமைப்பு உண்டு என்பது இந்திய நீதிமன்றங்களில் உறுதிப்பட்டதில் அந்தக் கடிதத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. உள்ளே நடப்பது வெளியே தெரிந்தால் சட்டமே மாறும். சிறை நிர்வாகங்கள் கடிதத்தையும் கைப்பேசியையும் ஒரே கண்ணோடு பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பேரறிவாளனின் ஊர் ஜோலார்பேட்டை. ரயில் மாறுவதற்காகத் தமிழ்நாடு அறிந்த அந்த ஊரை, அவருடைய தாய் அற்புதம்மாள் வேறு விதத்தில் அறியவைத்தார். வேலூர்ச் சிறையில் மகன் இருந்த ஆண்டுகளில் மனுப் பார்க்க அவர் போன பயணங்களுக்குக் கணக்கில்லை. (சிறையில் ஒருவரைச் சந்திப்பதை இங்கே யாரும் நேர்காணல் என்று சொல்வதில்லை, ‘மனுப் பார்க்கப் போறோம்’ என்பதுதான் பேச்சு.) 2006-இல் பேரறிவாளன் எழுதிய ‘தூக்குக் கொட்டடியிலிருந்து ஒரு முறையீட்டு மடல்’ வெளிவந்தது. 2011 செப்டம்பர் 9-ஆம் தேதி தூக்கு என்று நாள் குறித்தபோது தமிழ்நாடு கொந்தளித்தது. காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தன் உயிரையே கொடுத்தார். சட்டமன்றம் தீர்மானம் போட்டது, உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. 2012-இல் அதே சிறையிலிருந்து பேரறிவாளன் பிளஸ் டூ தேர்வெழுதி 1096 மதிப்பெண் எடுத்தார். அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த ஓய்வுபெற்ற சிபிஐ அதிகாரி தியாகராஜன், தான் வாங்கிக்கொடுத்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக 2013 நவம்பரில் வெளிப்படையாகச் சொன்னார். 2014 பிப்ரவரி 18-இல் மரண தண்டனை ஆயுள் தண்டனையானது. 2020 நவம்பரில் அவர் விடுதலையைக் கேட்டு விஜய் சேதுபதி உள்ளிட்ட திரைக் கலைஞர்கள் காணொளி வெளியிட்டார்கள்; ட்விட்டரில் அவர் பெயர் முன்னணியில் நின்றது.

இத்தனையிலும் அவர் ஒரு கணக்குக்கூடத் திறக்கவில்லை, ஒரு பதிவுகூடப் போடவில்லை. அவருக்காகப் பேசியவர்கள் வெளியே இருந்தார்கள்: அம்மா, வழக்கறிஞர்கள், இயக்கத்தவர்கள், ஆவணப்படம் எடுத்தவர்கள். 2022 மே 18-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்த அன்று முதலமைச்சர் ஸ்டாலின் அவரைக் கட்டியணைத்த படம் எல்லாக் கைப்பேசியிலும் இருந்தது. மறுநாள் காங்கிரஸ்காரர்கள் வாயில் வெள்ளைத் துணி கட்டி அறப்போராட்டம் நடத்தினார்கள். ஸ்ரீபெரும்புதூர்க் குண்டுவெடிப்பில் படுகாயமடைந்து பிழைத்த காவல் அதிகாரி அனுசுயா, குற்றவாளிகளின் விடுதலையை எதிர்த்துத் தொடர்ந்து பேசிவந்தவர். அந்த அணைப்புப் படம் அவருக்கும் போயிருக்கும். பேரறிவாளனின் விடுதலை நியாயம் என்று நம்புகிறவன் நான். ஆனாலும் அந்தப் படத்தைப் பகிரும் முன் அவரை ஒரு நிமிடம் நினைத்திருக்க வேண்டும் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

இதே வழக்கில் அதே சிறையில் முருகன் என்கிற ஸ்ரீகரன் கதை வேறு மாதிரி. அவர் அறையில் கைப்பேசி கிடைத்ததாக 2019 அக்டோபரில் நிர்வாகம் சொன்னது. அவர் உண்ணாவிரதம் இருந்தார். 2020 ஏப்ரலில் இலங்கையில் அவருடைய தந்தை இறந்தார். கொரோனா ஊரடங்கு காலம். சந்திப்புகள் நிறுத்தப்பட்டு, சிறைத்துறையே கைப்பேசி வாங்கி வீடியோ அழைப்பில் கைதிகளைக் குடும்பத்தோடு பேசவைத்த மாதங்கள் அவை. தந்தையின் உடலை வீடியோவில் பார்க்க அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் தாயோடும் சகோதரியோடும் பேச அனுமதி கேட்டு மாமியார் உயர் நீதிமன்றம் போனார், அரசுகள் எதிர்த்தன. பிறகு அனுமதிக்கப்பட்ட வீடியோ அழைப்பின் வழியே வெளிநாட்டு உறவினரோடு பேசினார் என்று பாகாயம் காவல் நிலையத்தில் அவர் மீது வழக்கு. இதே வழக்கில் தண்டனை பெற்ற அவருடைய மனைவி நளினி 2019 ஜூலையில் மகள் திருமண ஏற்பாட்டுக்காக ஒரு மாத விடுப்பில் சத்துவாச்சாரியில் தங்கியபோது நீதிமன்றம் போட்ட நிபந்தனைகளில், ஊடகங்களுக்குப் பேட்டி தரக்கூடாது என்பதும் ஒன்று. 28 ஆண்டு உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தவருக்கு நடமாட அனுமதி, பேசத் தடை.

இப்போது மக்கள் கோபத்துக்கு வருகிறேன். அதைத் தட்டிவிட எனக்கு மனமில்லை, அதில் நியாயம் இருக்கிறது.

2018 செப்டம்பரில் புழல் சிறைக்குள் எடுத்த படங்கள் வெளியே வந்தன. கட்டில், மெத்தை, தொலைக்காட்சி, நல்ல சட்டை, கையில் கைப்பேசி. சோதனை நடந்தது, பொருள்கள் பறிமுதலாயின, பலர் வேறு சிறைகளுக்கு மாற்றப்பட்டார்கள். 2024 ஆகஸ்டில் பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறையில், கொலை வழக்கில் அடைக்கப்பட்டிருந்த நடிகர் தர்ஷன் நாற்காலி போட்டு, ஒரு கையில் கோப்பையும் மறு கையில் சிகரெட்டுமாக உட்கார்ந்திருந்த படம் வந்தது. அதிகாரிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், அவர் பல்லாரிக்கு மாற்றப்பட்டார். அவருடைய ரசிகர்கள் அவர் கைதி எண் 6106-ஐ வண்டியில் எழுதிக்கொண்டார்கள். கைக்குழந்தைக்கு அந்த எண்ணோடு கைதிச் சட்டை போட்டுப் படமெடுத்த பெற்றோரும் இருந்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி மத்திய சிறையிலிருந்து கொலை வழக்குக் கைதி ஒருவர் நேரலையில் தோன்றி, தான் சொர்க்கத்தில் இருப்பதாகச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டுக் கொல்லப்பட்டவரின் சகோதரர் ஆட்சியரிடம் ஓடினார். 2023 மார்ச்சில் லாரன்ஸ் பிஷ்னோய் காவலில் இருந்தபடியே தொலைக்காட்சிக்குக் கொடுத்த பேட்டி ஒளிபரப்பானது. பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் சிறப்புக் குழு போட்டு விசாரிக்க வேண்டிவந்தது.

பரேலிச் சகோதரரின் நிலையை யோசித்தால் நெஞ்சு கனக்கிறது. அண்ணனையோ தம்பியையோ பறிகொடுத்த வீட்டில் யாரோ கைப்பேசியை நீட்டி, ‘இதைப் பாரு’ என்கிறார்கள். திரையில் அந்த ஆள் சிரிக்கிறான். சாட்சி சொல்லவேண்டியவர்கள் அதே தெருவில் இருக்கிறார்கள், அவர்களும் பார்க்கிறார்கள். மிரட்டல் என்ற சொல்லே வராமல் மிரட்டல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சிறைக்குள் கைப்பேசியைத் தடுப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. மத்திய அரசின் 2023 மாதிரிச் சிறைச் சட்டம் கைப்பேசி வைத்திருப்பதற்கு மூன்றாண்டு வரை தண்டனை சொல்கிறது. அந்தக் கடுமையோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் இந்தப் படங்களில் இருப்பவர்கள் யார் என்று ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். நடிகர், தாதா, வசதியான குற்றவாளி. நாற்காலியும் சிகரெட்டும் கைப்பேசியும் காசு கொடுத்து வாங்கியவை. விற்றவர்கள் சீருடையில் இருந்தார்கள். இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு நாம் என்ன சொல்கிறோம்? ‘ஜெயிலா, லாட்ஜா?’ என்கிறோம். ‘உள்ள போனா மூணு வேளை சோறு’ என்கிறோம். வாங்கிய பத்துப் பேரின் வாழ்க்கையை வாங்க முடியாத ஆயிரம் பேர் தலையில் ஏற்றிவிடுகிறோம்.

அந்த ஆயிரம் பேர் யார்? 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர், அதாவது 75.8 சதவீதம், விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் அவர்களைச் சொல்லவில்லை. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் கிடப்பவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

ஆம்பூருக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். 2015 ஜூன் 27-ஆம் தேதி இரவு. காவல்துறை விசாரணைக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்த செய்தி பரவி, நெடுஞ்சாலையில் கலவரமானது. பெண் காவலர்கள் உட்படப் பலர் காயப்பட்டார்கள், வண்டிகளும் கடைகளும் எரிந்தன. அந்த இரவின் காணொளிகள் அடுத்த நாளே எங்கும் பரவின. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைதாகிப் பல சிறைகளுக்குப் போனார்கள். பத்தாண்டு கழித்து, 2025 ஆகஸ்டில்தான் திருப்பத்தூர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. சிலர் தண்டிக்கப்பட்டார்கள், பெரும்பாலானவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். கைதான அன்று பரவிய படங்களின் வேகம் விடுதலைச் செய்திக்கு இல்லை. படத்தில் இருந்தவர் நிரபராதி என்று யாரும் பழைய பதிவுக்குக் கீழே போய்த் திருத்தம் எழுதுவதில்லை. சிறைவாசி தன் வாழ்க்கையைத் தானே பகிர்வது பற்றித்தான் விவாதிக்கிறோம். அவரைக் கேட்காமல் அவர் வாழ்க்கையை மற்றவர்கள் பகிர்வது அதைவிட எத்தனையோ மடங்கு அதிகம்.

வேலூர்ச் சிறையிலேயே 2024-இல் ஒன்று நடந்தது. ஆயுள் தண்டனைக் கைதி ஒருவரைச் சிறைத்துறை டிஐஜி வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். பிறகு அங்கே திருடியதாகச் சொல்லி அடித்துப் பல வாரங்கள் தனிமையில் அடைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அவருடைய தாய் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். நீதிமன்றம் வேலூர் நீதிபதியைச் சிறைக்குள் அனுப்பி விசாரிக்கச் சொன்னது. அறிக்கை வந்தபின் சிபிசிஐடி, டிஐஜி உட்பட 14 பேர் மீது வழக்குப் பதிந்தது. அந்தக் கைதியிடம் கைப்பேசி இல்லை, நேரலை இல்லை. மனுப் பார்க்க வந்த ஒரு தாய் இருந்தார். அவரும் வராமல் போயிருந்தால் அந்தக் கதை மதிலுக்குள்ளேயே முடிந்திருக்கும்.

அமெரிக்காவில் இதே இடைவெளியைக் கைதிகள் கள்ளக் கைப்பேசியால் நிரப்பினார்கள். 2020 வாக்கில் சில சிறைகளிலிருந்து டிக்டாக்கில் வந்த சமையல் காணொளிகளை இலட்சக்கணக்கானோர் பார்த்தார்கள்; கிடைத்ததை வைத்து இரும்புக் கட்டில்மீது சமைப்பதைக் கண்டு அதிசயித்தார்கள். அலபாமாவில் அதே கருவி வேறொன்றைக் காட்டியது. அங்குள்ள சிறைகளின் வன்முறையும் நெரிசலும் அரசியலமைப்புக்கு எதிரானவை என்று அந்நாட்டு நீதித்துறை 2019-இல் அறிக்கை தந்திருந்தது. கைதிகளே உள்ளிருந்து எடுத்த காட்சிகளைக் கொண்டு உருவான ‘தி அலபாமா சொல்யூஷன்’ ஆவணப்படம் 2025-இல் வந்தது. எடுத்தவர்கள் செய்தது விதிமீறல். அது இல்லாவிட்டால் அந்தச் சாவுகளும் இரத்தமும் காகிதத்தில் எண்ணாகவே இருந்திருக்கும். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு எளிய விடை கிடைக்கவில்லை. நேர்வழி அடைபட்ட அளவுக்குக் கள்ளவழி பெருகும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

தமிழ்நாட்டில் நேர்வழி முன்பைவிட அகலமாகத்தான் இருக்கிறது. சிறைவாசி இப்போது மூன்று நாளுக்கு ஒருமுறை 12 நிமிடம், மாதத்துக்கு 120 நிமிடம் வீட்டாரோடு பேசலாம். வீடியோ அழைப்பும் உண்டு. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்று அரங்கு போட்டுக் கைதிகளுக்காகப் புத்தகம் கேட்டது. மக்கள் கட்டுக்கட்டாகக் கொடுத்தார்கள். புழல் படத்துக்குச் சீறிய அதே மக்கள்தான். வேலூரில் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்கில் வண்டிக்கு எண்ணெய் போட்டுத் தருபவர் கைதி என்று தெரிந்தே போகிறார்கள், சில்லறை வாங்கிக்கொண்டு தலையசைத்துவிட்டு வருகிறார்கள். திரையில் பார்க்கும்போது வரும் வெறுப்பு ஒரு மனிதர் எதிரே நிற்கும்போது வருவதில்லை. இதற்காகவே கைதிகள் எழுதுவதும் வரைவதும் பேசுவதும் அவர்கள் பெயரோடும் சம்மதத்தோடும், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு முன்தகவலோடும், முறையாக வெளியே வரவேண்டும் என்று கேட்கிறேன். வழக்கு நிலுவையில் உள்ளவர்கள் வழக்கைப் பற்றிப் பேசாமல், உள்ளே நடக்கும் அன்றாடத்தை மட்டும் சொல்லலாம். ராஜாஜிக்கு 1921-இல் வெள்ளைக்காரச் சிறை விட்டுவைத்த பேனாவைவிட இது பெரிய சலுகை ஆகாது.

வேலூர்ச் சிறைக்குள் காலணிப் பிரிவு ஒன்று இருக்கிறது. காவலர்கள் போடும் பூட்ஸ் அங்கே கைதிகள் கையால் தயாராகிறது. வெளியே பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் அதே வேலையை, மேல்தோல் தைப்பது, அடி ஒட்டுவது, பாலிஷ் போடுவது என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஷிஃப்டில் செய்கிறார்கள். அவர்களில், மகனோ கணவனோ உள்ளே இருக்கிற ஒருத்தி மனுப் பார்க்க வேலை நாளில் தொரப்பாடிக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. ஆகவே அந்த 12 நிமிடம்தான் அவளுக்கு மிச்சம். சிறையில் தொலைபேசி ஓய்வது மாலை அடைப்புக்கு முன்னால். அந்த நேரத்தில் அவள் தையல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அழைப்புகளில் சிலவற்றையாவது ஞாயிற்றுக்கிழமைக்கோ, ஷிஃப்ட் விட்டு வீடு சேரும் ஏழு மணிக்கோ மாற்றிக்கொடுக்கச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும்.